மூச்சு வாங்கட்டுமே!

அத்தியாயம் 11

தம்பி போன் எடுத்தால் பெரியக்கா பெட்டி எடுப்பார். அந்தக் குடும்பத்தில் அது எழுதாத சட்டம். போன வாரம் கண்ணாடிக்கடைக்காரர் அந்தப் போனைப் போட்டேவிட்டார். "நீ வந்தாத்தான் இவ அடங்குவா, அக்கா" என்று அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவியின் காதில் அட்சரம் பிசகாமல் விழுந்தது. அங்கேதான் விட்டோம்.

இந்த வாரம்தான் வந்து உட்கார்ந்தீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மனைவிதான் நம் மைக் அக்கா. எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வரும், எது கிளம்பும், எது படுத்துவிட்டது என்று பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் சொல்லும் குரல் அவளுடையது. வேலை உட்கார்ந்த வேலை. நாற்காலி தேய்ந்தது, உடம்பு தேயவில்லை. சர்க்கரை வந்து பல வருஷமாகிறது.

"மாத்திரையை ஏத்திக்கிட்டே போக முடியாதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். "மூணு மாசம் தர்றேன். உடம்பு வேர்க்கணும், மூச்சு வாங்கணும். அப்படி ஏதாவது பண்ணுங்க. இறங்கலேன்னா இன்சுலின் ஊசிக்குப் போயிடலாம்."

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மகள், "ஊசி ஒண்ணும் பேய் இல்லம்மா" என்றுதான் சொன்னாள். அது மைக் அக்காவுக்கும் தெரியும். ஆனால் இதே சர்க்கரையால் அவளைப் பெற்றவளின் கால் விரலில் தொடங்கிய புண், முழங்கால்வரை வாங்கிக்கொண்டுதான் போனது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இவள். "என் காலை முதல்ல நான் நம்பிப் பார்க்கறேன்" என்று சொல்லி, கடைத்தெரு மாடி ஹாலில் நடக்கும் ஏரோபிக்ஸ் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கண்ணாடிக்கடைக்காரர் வாயில் அது நுழையவில்லை. "ஏரோப்ளேன் ஆட்டம்" என்றுதான் சொல்வார். அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்து, முகம் சிவந்து, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க அவள் படியேறி வந்ததைப் பார்த்தார். அவருடைய அப்பா அப்படி மூச்சு வாங்கித்தான் மகன் மடியில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து பயம். போதாக்குறைக்குக் கடைக்கு வருகிறவர்கள் வேறு, "உங்க வீட்டம்மா ஆடறாங்களாமே?" என்று கேட்டுவிட்டுக் கண்ணாடி வாங்காமல் போனார்கள். ஒரு கண்ணில் பயம், மறு கண்ணில் வெட்கம். ரெண்டுக்கும் ரெண்டு பவர். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அவர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி, கதைக்கு வருவோம்.

காலையில் மைக் அக்கா அறிவிப்பு அறைக்குள் நுழைந்தபோது புது மெஷின் மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. பழசை முந்தின நாள்தான் கழற்றிக்கொண்டு போனார்கள்.

பழைய மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தால் மைக் மூடியிருக்கிறது என்று அர்த்தம். பச்சை எரிந்தால் பேசலாம். பேருந்து நிலையத்தில் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? ஆனால் புது மெஷினைச் செய்தவன் பேருந்து நிலையத்தில் வளராதவன். அவன் கணக்கில் சிவப்பு என்றால் 'ஜாக்கிரதை, மைக் திறந்திருக்கிறது.' பொருத்த வந்த மெக்கானிக் இதைச் சொல்லிவிட்டுத்தான் போனான். மைக் அக்காவும் தலையை ஆட்டினாள். தலையாட்டியதோடு சரி, அவள் மனசெல்லாம் சமையலறையில் கேட்ட போனில் இருந்தது.

பொத்தானை அழுத்தி, அன்றைய முதல் அறிவிப்பைச் சொன்னாள். வழக்கமான குரல், தேன் தடவிய குரல். சொல்லி முடித்து, மூடினோமா என்று மெஷினைப் பார்த்தாள். சிவப்பு எரிந்தது. சரி, மூடியாச்சு என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கைப்பேசி அடித்தது. கணவர்.

"அக்கா கிளம்பி வந்துட்டிருக்காங்க. சாயங்காலம் நீ நேரா வீட்டுக்கு வந்துடு."

"சாயங்காலம் எனக்கு வகுப்பு இருக்குங்க."

"அதைத்தான் வேணாங்கறேன். அன்னிக்கு உனக்கு எப்படி மூச்சு வாங்குச்சு, ஞாபகம் இருக்கா?"

"வாங்கட்டுமே! மூச்சு வாங்கத்தான் அங்க போறேன். வாங்கலேன்னாத்தான் கவலைப்படணும்."

"வாய் பேசாதே. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"ஏதாவது ஆகிடக் கூடாதுன்னுதாங்க போறேன். எங்கம்மா காலை எடுத்தப்ப நீங்களும்தானே கூட நின்னீங்க? எனக்கு என் கால் வேணும். ரெண்டும் வேணும்."

அவர் வேறு வழியாக வந்தார்.

"இந்த வயசுல ஆட்டம் போட்டா ஊர் சிரிக்காதா?"

"சிரிக்கட்டும்! ஆமா, ஆடறேன். ஐம்பத்திரண்டு வயசு, உடம்பு பூரா சர்க்கரை, தொப்பை வேற. எல்லாத்தையும் வெச்சுக்கிட்டே ஆடறேன். டிராக் பேன்ட் போட்டுக்கிட்டு ஆடறேன். பார்க்கறவங்களுக்குக் கண்ணு கூசினா உங்க கடையில கறுப்புக் கண்ணாடி இருக்கு, வாங்கி மாட்டிக்கச் சொல்லுங்க."

"இதெல்லாம் அக்கா முன்னாடி பேசுவியா?"

"வரட்டும் உங்க அக்கா. நடுக்கூடத்துல நாற்காலி போட்டு உட்காரட்டும். டீ போட்டுக் குடுத்துட்டு நான் பாட்டுக்கு ஆடப் போயிடுவேன். அவங்க உட்காருன்னா உட்கார நான் என்ன அவங்க தம்பியா?"

சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். மனசு லேசாகிவிட்டது.

அப்போதுதான் கண்ணாடி ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தாள். நிலையமே நின்றுபோயிருந்தது. தண்ணீர் பாட்டில் விற்பவர் நீட்டிய பாட்டிலை நீட்டியபடியே இருந்தார், வாங்குகிறவர் வாங்கவில்லை. ஓட்டுநர்கள் தலையை வெளியே நீட்டியிருந்தார்கள். எல்லா முகங்களும் தூணில் மாட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களைப் பார்த்து அண்ணாந்திருந்தன.

கதவு படாரென்று திறந்தது. வண்டி நேரம் குறிக்கும் டைம்கீப்பர் ஓடி வந்திருந்தார்.

"அக்கா! சிவப்பு! சிவப்பு!"

"சிவப்புதானே எரியுது? மூடித்தானே இருக்கு?" என்றாள் அவள்.

'மூடித்தானே இருக்கு?' என்று நாலு திசையிலிருந்தும் அவள் குரலே அவளைக் கேட்டது.

டைம்கீப்பர் பாய்ந்து பொத்தானை அழுத்தினார். பச்சை வந்தது. மைக் அக்காவின் முகத்தில் மட்டும் ஒரு நிறமும் வரவில்லை.

"எவ்வளவு கேட்டுச்சு?"

"நீங்க பேசினது பூரா. அவர் பேசினது கேக்கலை" என்றார் டைம்கீப்பர், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

"தொப்பையுமா?"

"தொப்பையும்தான்."

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பூமி எங்கே பிளக்கிறது, பிளந்தாலும் அந்த நாற்காலி உள்ளே போகாது. கீழே யாரோ ஒரு நடத்துனர் ரெண்டு விசில் கொடுத்தார். கூடை வைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள். கேலியா பாராட்டா என்று அங்கிருந்து தெரியவில்லை.

தெரிந்தது இன்னொன்று. நாலாம் நடைமேடையில் அப்போதுதான் வந்து நின்றிருந்த வண்டிக்குப் பக்கத்தில், காலடியில் பெட்டியை வைத்துக்கொண்டு, முதுகு வளையாமல் ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஆயுள் முழுக்கப் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் எந்த அறையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தே தீருகிற பார்வையோடு, குழாயிலிருந்து கம்பி போன வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்து, அறிவிப்பு அறை ஜன்னலில் கண்ணை நிறுத்தினார்.

பெரியக்கா.

ரெண்டு பேரும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியக்கா குனிந்து பெட்டியை எடுத்தார். திரும்பினார். போனார்.

"மேலிடத்துல கேட்டா நான் பார்த்துக்கறேன். துறைமுகம் வண்டி நிக்குது, நீங்க அதைச் சொல்லுங்க" என்றார் டைம்கீப்பர்.

அவள் ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். பொத்தானை அழுத்தினாள். சிவப்பு எரிகிறதா என்று இந்த முறை ரெண்டு கண்ணாலும் பார்த்துக்கொண்டாள். "அறிவிப்பில் ஏற்பட்ட தடங்கலுக்கு வருந்துகிறோம். துறைமுகம் செல்லும் பேருந்து இரண்டாம் நடைமேடையிலிருந்து புறப்படுகிறது." குரல் நடுங்கவில்லை. பொத்தானை அழுத்திப் பச்சை வந்த பிறகு, "தடங்கலுக்குத்தான் வருந்தறேன். சொன்னதுக்கு இல்லை" என்றாள். டைம்கீப்பர் அவசரமாகக் கீழே இறங்கிப் போய்விட்டார்.

மத்தியானம் மகள் கூப்பிட்டாள். கூப்பிட்டவள் முதலில் சிரித்தாள், சிரித்து முடிக்கக் கொஞ்சம் நேரமானது.

"அம்மா, எங்க லேப்ல ரத்தம் குடுக்க வந்தவங்கள்லாம் உன் பேச்சுத்தான் பேசறாங்க. சரி, அது இருக்கட்டும். அப்பா கடையைச் சாத்திட்டு வீட்டுக்கு வந்துட்டாராம். பெரியத்தை கூடத்துல உட்கார்ந்திருக்காங்களாம். டீ குடுத்தாக்கூடத் தொடலையாம். 'அவ வந்து போட்டுக் குடுக்கட்டும், அப்புறம் ஆடப் போகட்டும், நான் பார்க்கறேன்'னு சொல்றாங்களாம். நீ நேரா வீட்டுக்கு வரணுமாம்."

"நான் நேரா ஹாலுக்குப் போறேன்."

"தெரியும். அதுக்குத்தான் கூப்பிட்டேன். கோவத்துல சாப்பிடாம போயிடாதே. மாத்திரையைப் போட்டுக்கிட்டு வெறும் வயித்தோட ஆடினா சர்க்கரை சடார்னு கீழ விழுந்துடும். அப்புறம் மயக்கம் போட்டு விழுவே. அப்பா சொன்னதுதான் சரின்னு ஆயிடும்."

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு இருந்த பலம் வேறெதற்கும் இல்லை. மைக் அக்கா அடுத்த அறிவிப்பு முடிந்ததும் டப்பாவைத் திறந்து, பசிக்கிறதோ இல்லையோ, கொண்டுவந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

வகுப்பு நடக்கும் ஹால் முன்பு பீரோக் கடையாக இருந்தது. கடை நொடித்துப்போய்க் காலி செய்தபோது, கதவில் பதிக்க வைத்திருந்த நிலைக்கண்ணாடிகளைச் சுவரில் சாய்த்தபடியே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் அங்கே ஆடுகிற ஒவ்வொருத்திக்கும் நாலு தொப்பை தெரியும். வந்த புதிதில் எல்லாருமே கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஆடினார்கள். இப்போது அந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது.

சொல்லிக்கொடுப்பவள் ஒரு பிசியோதெரபிஸ்ட். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவளுக்கு விசில் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மைக் அக்கா உள்ளே நுழைந்ததும் மொத்த ஹாலும் கை தட்டியது.

"தொப்பையை ஒலிபரப்பின மகராசி வந்தாச்சு!" என்றாள் பேக்கரிக்காரி. நாளெல்லாம் கேக் சுட்டு விற்றும் ஒரு துண்டு வாயில் வைக்க முடியாத பாவி அவள். வாய்க்கு வேறு வேலை வேண்டாமா?

"போதும், வரிசையில நில்லுங்க" என்றாள் விசில். "மறந்துடாதீங்க. ஆடறப்பப் பேச முடியணும். பாட முடியக் கூடாது. பாட முடிஞ்சா நீங்க என்னை ஏமாத்தறீங்கன்னு அர்த்தம். பேசவே முடியலேன்னா நான் உங்களை ரொம்ப விரட்டறேன்னு அர்த்தம்."

இந்தப் பேச்சளவைப் பார்ப்பதற்கு விசில் கண்டுபிடித்த கருவிதான் மைக் அக்கா. அவள் ஆடிக்கொண்டே அடவுகளை அறிவிக்க வேண்டும். அறிவிப்பு தெளிவாக வந்தால் வேகம் சரி. குரல் தேனாக ஒழுகினால் வேகம் போதாது. வார்த்தை விழுங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். இத்தனை வருஷம் உட்கார்ந்தே பேசிய குரல் இப்போது நின்று, நடந்து, குதித்துப் பேசியது.

பாட்டு தொடங்கியது.

"ஒன்றாம் வரிசை… முன்னால் வரவும்! கை ரெண்டும்… மேலே போகட்டும்! வண்டி… இடது பக்கம் திரும்புது! முட்டியைத் தூக்குங்க… படிக்கட்டுல நிக்கறவங்க… உள்ள வாங்க! பின்னால்… பின்னால்… போலாம் ரைட்!"

'போலாம் ரைட்' என்று மொத்த ஹாலும் திருப்பிச் சொன்னது. தரை அதிர்ந்தது. காலையில் பட்ட வெட்கம், வேர்வையாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்ட சந்தோஷம். இதை விட்டுக்கொடுக்கச் சொன்னால் யாரானாலும் சண்டைதான் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தாள்.

சண்டை வாசலில் வந்து நின்றது.

கண்ணாடி வழியாகத்தான் முதலில் பார்த்தாள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பெரியக்கா உள்ளே வந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் கண்ணாடிக்கடைக்காரர்.

"நிறுத்து" என்றார் பெரியக்கா.

குரலை உயர்த்தவில்லை. விடுதியில் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னூறு பெண்கள் விளக்கணைத்துப் படுத்திருக்கிறார்கள். விசில்கூடத் தன்னை அறியாமல் பாட்டை நிறுத்திவிட்டாள்.

பாட்டு நின்றது. மைக் அக்கா நிற்கவில்லை.

"வலது கால்… முன்னே! இடது கால்… முன்னே!"

அவள் காலடி மட்டும் தனியாகக் கேட்டது. அடுத்து பேக்கரிக்காரியின் காலடி சேர்ந்தது. அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாக் காலும். பாட்டில்லாமல், கைதட்டலில்லாமல், வெறும் காலடிச் சத்தத்தில் அத்தனை பெண்களும் ஆடினார்கள். விசில் அவசரமாக வரிசையில் போய் நின்றுகொண்டாள்.

"ஊர் பூரா மைக் போட்டு என் மானத்தை வாங்கிட்டே!" என்றார் பெரியக்கா.

"உங்க மானத்தை… நான் வாங்கலை அண்ணி. மூச்சைத்தான்… வாங்கறேன். மைக் திறந்திருந்தது… என் தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேட்டுக்கறேன். ஆடறதுக்குக் கேக்க மாட்டேன். வண்டி வலது பக்கம்… திரும்புது!"

"பார்த்தியாடா, பேசறதுக்குள்ள எப்படி இரைக்குதுன்னு?"

"அக்கா சொல்றதைக் கேளேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர். கெஞ்சலாகத்தான் சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு."

மைக் அக்கா அப்போதுதான் நின்றாள். அந்தப் பயத்தை அவளால் அலட்சியம் செய்ய முடியவில்லை. இடுப்பில் கை வைத்து ரெண்டு மூச்சு விட்டுக்கொண்டாள்.

"பயப்படுங்க. நான் வேணாங்கலை. ஆனா உங்க பயத்துக்காக நான் உட்கார முடியாது. உட்கார்ந்து உட்கார்ந்துதான் இங்க வந்து நிக்கறேன். என் பக்கத்துல வந்து நின்னு பயப்படுங்க. வாசல்ல இவங்களை நிக்க வெச்சுப் பயப்படாதீங்க."

அவர் அக்காவின் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா பார்த்துக்கிட்டு நிக்கறே?" என்று பெரியக்கா தம்பியை அதட்டினார். "இவ கொண்டுவந்த வியாதி இது. நம்ம வம்சத்துல ஒருத்தருக்கும் சர்க்கரை கிடையாது. என்னைப் பாரு, இந்த வயசுலயும் கம்பு மாதிரி நிக்கறேன். எந்த ஆட்டம் ஆடினேன்?"

"டெஸ்ட் பண்ணிப் பார்த்திருக்கீங்களாம்மா?" என்று பேக்கரிக்காரி கேட்டாள்.

பெரியக்கா அவளை மனுஷியாகவே மதிக்கவில்லை. நேராக ஹாலின் நடுவே நடந்து வந்து மைக் அக்காவின் கையைப் பிடித்தார். "வா வீட்டுக்கு."

"வர மாட்டேன், அண்ணி."

"வான்னா வா!"

"யாருக்கோ அடிபட்டிருக்கு" என்றாள் விசில்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் தரையில் சிவப்பாக ஒரு சுவடு. அதற்கு முன்னால் இன்னொன்று. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் ஷூ போட்டிருந்தார்கள். ஷூ இல்லாமல் இந்த ஹாலில் கால் வைக்க விசில் விட மாட்டாள். சுவடுகள் வாசலிலிருந்து தொடங்கி, ஒரு கால் விட்டு ஒரு கால் வந்து, பெரியக்கா நின்ற இடத்தில் முடிந்தன.

"அண்ணி" என்றாள் மைக் அக்கா. "காலைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க சொல்றேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தாள். தரையில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். உள்ளங்காலில், குதிகாலுக்குச் சற்று முன்னால், விரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் ஓடிப்போய் வாசலில் கிடந்த செருப்பைத் திருப்பிப் பார்த்தார். அடிப்பக்கம் கிழிந்திருந்தது. உள்பக்கம் நனைந்திருந்தது. எங்கேயோ உடைந்த பாட்டிலை மிதித்திருக்கிறார். காலையில் பஸ் நிலையத்தில் மிதித்தாரா, வருகிற வழியில் மிதித்தாரா என்று யார் கண்டது?

"வலிக்குதா அண்ணி?"

"எது?" என்றார் பெரியக்கா.

அங்கிருந்த அத்தனை பேருக்கும் அந்த 'எது'வின் அர்த்தம் தெரியும். சர்க்கரை முற்றினால் கால் மரத்துப்போய் வலியே தெரியாது என்று ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு டாக்டர் சொல்லியிருக்கிறார். பயமுறுத்தியும் இருக்கிறார்.

"ஈரமா இருந்துச்சு. வேர்வைன்னு நினைச்சேன்" என்றார் பெரியக்கா, தம்பியைப் பார்த்து. குரலில் வார்டன் இல்லை.

கண்ணாடிக்கடைக்காரர் அந்தச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எது நடந்தாலும் அக்காவின் முகத்தைப் பார்த்து வழி கேட்டுப் பழகிய மனிதர் அவர். இன்றைக்கும் அக்காவின் முகத்தைத்தான் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"என்ன பண்ணணும், சொல்லு" என்றார்.

"கீழ போய் ஒரு வண்டி பிடிங்க. ஆஸ்பத்திரிக்கு."

அவர் ஓடினார். விசில் முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். சில்லைத் தொடாமல், அது அசையாதபடி சுற்றிலும் துணி வைத்துக் கட்டினாள். கட்டு முடிவதற்குள் பெரியக்காவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"ஒரு கண்ணாடித் துண்டு. அதுக்கு ஆஸ்பத்திரியா? நான் எங்கயும் வரலை. எனக்கு ஒண்ணும் இல்லை. முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குப் போறேன்."

"போக முடியாது, அண்ணி."

"என்னைத் தடுக்க நீ யாரு?"

மைக் அக்கா எழுந்து நின்றாள். வேர்வை இன்னும் வடிந்துகொண்டிருந்தது. மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. ஆனால் வந்த குரல், பேருந்து நிலையத்தைக் காலையில் கட்டி நிறுத்திய அதே குரல்.

"எந்த வண்டி எப்பக் கிளம்பும்னு இந்த ஊர்ல சொல்றது நான். உங்க ஊருக்கு இன்னிக்கு வண்டி இல்லை. ஒரே ஒரு வண்டிதான் இருக்கு. அது ஆஸ்பத்திரி போகுது. ஏறுங்க."

பெரியக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகலாம் என்று பேக்கரிக்காரி சொன்னாள். "நான் என்ன பிணமா தூக்கிட்டுப் போக?" என்று பெரியக்கா சீறினார். அதனால் மைக் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கீழே தெருவில் கண்ணாடிக்கடைக்காரர் யாரிடமோ வண்டியை நகர்த்தச் சொல்லிக் கத்துவது கேட்டது. இத்தனை சத்தமாக அவர் பேசி அவள் கேட்டதே இல்லை.

பாதிப் படியில் பெரியக்கா நின்றார். தம்பி காதில் விழாத தூரம்தான் என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"உன் பொண்ணை விட்டு ரத்தம் எடுக்க வேண்டாம்" என்றார்.

"ஏன் அண்ணி?"

"எடுத்தா என்ன வரும்னு எனக்குத் தெரியும்."

மைக் அக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது, அந்தக் காலைப் பார்த்து வந்த இரக்கமெல்லாம் ஒரே வீச்சில் கோபமாக மாறியது. தோளை விலக்கிக்கொள்ளத் தோன்றியது. விலக்கினால் விழுந்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள்.

"உங்களுக்கும் இருக்கா?"

பெரியக்காவின் கண் கைப்பிடியைத் தேடியது.

"இருக்குன்னு தெரிஞ்சுகிட்டேயா என்னை நிறுத்த வந்தீங்க?"

பெரியக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடியை எட்டிப் பிடித்து, அடுத்த படியில் கட்டுப்போட்ட காலையே ஊன்றி இறங்கினார். சில்லு இன்னும் உள்ளேதான் இருந்தது. அவர் முகம் சுளிக்கவே இல்லை.